மேசை மேல் இரண்டு டம்ளர்

எனக்கு மக்களைப் பிடிக்காது. இருபத்தேழு ஆண்டுகள் மக்கள் தொடர்பு வேலை பார்த்தேன். இந்த இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்து எழுதுவதற்கு நான் ஓய்வு பெற்று, அதன் பிறகும் சில ஆண்டுகள் போக வேண்டியிருந்தது.

விழுப்புரத்தில் குடியிருந்தேன், இப்போதும் அங்கேதான். வேலை செய்தது, அங்கிருந்து திண்டிவனம் வரை சிதறிக் கிடக்கும் ஊர்களில் சிலவற்றுக்குக் குடிநீர் கொடுத்து, கழிவுநீரை வாங்கிக்கொண்டு போகிற ஓர் அலுவலகத்தில். அலுவலகத்தின் பெயரும் இது நடந்த ஊரின் பெயரும் வேண்டாம். சொன்னால் படிப்பவர்கள் அவற்றைத் திட்டிவிட்டு என்னை விட்டுவிடுவார்கள்.

முதுகலை தமிழ் படித்தவன் என்பதால் அறிவிப்புகளை எழுதுவது என் பொறுப்பு. குழாய் உடைந்தால், மோட்டார் எரிந்தால், தொட்டி கழுவினால், நான் எழுதி, நானே என் குரலில் பதிவு செய்து, ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாக அனுப்புவேன். “அன்பார்ந்த பொதுமக்களே” என்று தொடங்குவேன். தெருக்காரர்கள் எனக்கு வைத்த பெயரே ‘அன்பார்ந்தவரு’ என்பதுதான். என் ஸ்கூட்டர் தெருவுக்குள் நுழைந்தால் யாராவது ஒருத்தர், “டேய், அன்பார்ந்தவரு வந்துக்கினு இருக்காரு, இன்னிக்கும் தண்ணி இல்ல” என்பார். சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எழுதுவதில் எங்களுக்கு ஒரு முறை இருந்தது. கழிவுநீர் கலந்தது என்று எழுதக் கூடாது. ‘நிறமாற்றம்’ என்று எழுத வேண்டும். நாறுகிறது என்று எழுதக் கூடாது. ‘சிறிது மணமாற்றம்’. குடிக்காதீர்கள் என்று ஒருநாளும் எழுதக் கூடாது. ‘காய்ச்சி ஆறவைத்துப் பருகவும்’. மழைக்காலம் வந்தால் ஆண்டுதோறும் அதே வாசகம், அதே பதிவு. உண்மையிலேயே ஆபத்து வந்த வருடமும் அதே பதிவுதான் போனது. வருடா வருடம் கேட்கிற பாட்டை யார் காது கொடுத்துக் கேட்பார்கள்? அந்த முறையை உருவாக்கியவர்களில் நானும் ஒருவன். அதை மொழிநயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஊரில் பாதாளச் சாக்கடைக்காகத் தெருக்களைத் தோண்டினார்கள். ஜேசிபி வந்து போன தெருவெல்லாம் மாதக்கணக்கில் மேடு பள்ளமாகக் கிடந்தது. மூடிய பிறகு ஒரு தெருவில் மட்டும் குழாய்த் தண்ணீர் வாடை அடிக்கிறது என்று புகார் வந்தது. புகாரைக் கொண்டுவந்தவர் அந்தத் தெருவில் தையல் மெஷின் வைத்திருந்த ஒரு பெண். ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். கணவர் இல்லை. தெருப்பக்கத்து அறையில் உட்கார்ந்து ரவிக்கை தைப்பார். கழுத்தில் அளவு நாடா தொங்க, அப்படியே அலுவலகத்துக்கு வந்துவிடுவார்.

முதல் தடவை ஒரு பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து என் மேசை மேல் வைத்தார்.

“மோந்து பாரு சார்.”

“மனு குடுங்கம்மா. பரிசோதனைக்கு அனுப்புவோம்.”

“பரிசோதனைய அப்பால பண்ணு. உனக்கு மூக்கு இருக்கா இல்லியா? அத்தச் சொல்லு.”

நான் மோந்து பார்க்கவில்லை. பாட்டிலை எடுத்துச் சன்னலோரம் வைத்துவிட்டு எழுத ஆரம்பித்தேன். அவர் போன பிறகு மூடியைத் திறந்தேன். மூடிவிட்டேன்.

அடுத்த வாரம் மறுபடி வந்தார். அதற்கடுத்த வாரம் தன் தெருவிலுள்ள பெண்கள் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். “பாவம்டி, அன்பார்ந்தவருக்கு ஜலதோஷம், வாடையே தெரியாது” என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். என் சக ஊழியர்களும் சிரித்தார்கள். அன்று மாலையே ஓர் அறிவிப்பு எழுதினேன். ‘குடிநீர் குறித்து வதந்தி பரப்புவோர் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்.’ மேலதிகாரி கேட்டு எழுதியது அல்ல. நானாகவே எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினேன். ஆட்டோக்காரரிடம், அந்தத் தையற்கடை எதிரில் ஐந்து நிமிடம் நிறுத்திப் போடச் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவர் ஒருமுறை தனியாக வந்தார். அன்று சத்தம் இல்லை. நாற்காலியில் உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தார்.

“சண்டைக்கு வரல சார். எம் பொண்ணுக்கு வளகாப்பு முடிஞ்சிடுச்சி. தலப்பிரசவம், தாய் வூட்டுக்குத்தான் கூட்டியாரணும். சம்பந்திக்காரங்க நல்ல நாள் பாத்துச் சொல்லிட்டாங்க. நானு ஒருத்திதான். தெனம் வண்டில ரெண்டு கொடம் வச்சிக்கினு வயக்காட்டு போருக்குப் போயி தண்ணி எடுத்தாறேன். புள்ள வந்தா அத்தினி தண்ணி என்னால தூக்க முடியாது. கூட்டியாரவா, வேணாவா? அத்த மட்டும் சொல்லு. நீ வேணாம்னா எதனா பொய்யச் சொல்லி அங்கயே வச்சிக்கச் சொல்றேன்.”

தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அழைத்துவர மறுப்பது எங்கள் பக்கத்தில் சாதாரண விஷயம் அல்ல. தாய்க்குச் சோறு போட வக்கில்லை என்பார்கள். பெண்ணுக்கு ஆயுசு முழுக்கக் குத்தல் பேச்சு கிடைக்கும். அந்தப் பேச்சை வாங்கிக்கொள்ளவும் தயாராக அவர் வந்திருந்தார். அவருக்கு வேண்டியது என்னிடமிருந்து ஒரே ஒரு சொல்.

“வெள்ளிக்கெழம உங்க தெருவுல விழிப்புணர்வுக் கூட்டம் வச்சிருக்கோம்மா. அங்க சொல்றேன்” என்றேன்.

அந்தக் கூட்டமும் எங்கள் முறைகளில் ஒன்று. புகார் அதிகமான தெருவில் ஷாமியானா போட்டு, டீ கொடுத்து, பேசி, கடைசியில் அந்தத் தெருக் குழாயிலேயே தண்ணீர் பிடித்து அதிகாரி ஒருவர் எல்லார் முன்னாலும் குடிக்க வேண்டும். குடிக்கும் படத்தைச் செயலியில் ஏற்றினால் புகார் முடிந்ததாகக் கணக்கு. பல ஊர்களில் நான் அப்படிக் குடித்திருக்கிறேன். அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை நான் போனபோது டேங்க் ஆபரேட்டர் தனியே நின்றிருந்தார். எங்கள் தொட்டியைத் திறந்து மூடுபவர், தெருத்தெருவாக வால்வு தெரிந்தவர். குளோரின் இருக்கிறதா என்று பார்க்கும் சின்னக் கண்ணாடிக் குழாயைக் கையில் வைத்திருந்தார். தண்ணீர் பிடித்து மருந்துச் சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் வர வேண்டும். நிறமே வராமல் இருந்தது.

“மூணு வாட்டி போட்டுட்டேன் சார். டேங்க்ல மஞ்சளா வருது, இங்க வரல. கீழ எங்கியோ சாக்கட உள்ள வாங்குது. காலைலேந்து வாஷ்அவுட்டத் தொறந்து கெட்ட தண்ணிய வெளிய உட்டுக்கினு இருக்கேன், பாக்கறதுக்குத் தெளிவா இருக்கும். ஆனா நீங்க குடிக்காதீங்க.”

“கூட்டத்த நிறுத்த முடியாதுய்யா. மேல சொல்லியாச்சி.”

“அப்ப ஒதட்டுல மட்டும் தொட்டுக்கிட்டு வுட்டுடுங்க. முழுங்காதீங்க.”

மேலதிகாரிக்குப் போன் செய்தேன். “கூட்டத்த முடிங்க, அப்புறம் பாத்துக்கலாம்” என்றார். அவரைக் குறை சொல்லி நான் தப்பிக்கப் போவதில்லை. மஞ்சள் வரவில்லை என்பதை அவரிடமே நான் மென்று விழுங்கித்தான் சொன்னேன். ‘சிறிது குறைவாகத் தெரிகிறது’ என்று சொன்னேன். என் மொழிநயம் அதிகாரியிடமும் வேலை செய்தது.

கூட்டம் நிறைந்திருந்தது. டீயை வாங்கிக் குடித்துவிட்டுத் திட்டினார்கள். “சாக்கடைய வூட்டாண்ட கொண்டாந்தீங்க, இப்ப வூட்டுக்குள்ளயே கொண்டாந்துட்டீங்க” என்றார் ஒரு பெரியவர். கைதட்டினார்கள். நான் பேசினேன். திட்டத்தின் நன்மைகளைச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. தையற்காரம்மா முன்வரிசையில் எழுந்து நின்றார்.

“இதெல்லாம் ஆட்டோவுலயே கேட்டாச்சி. எங்க எதிர்ல புடி, எங்க எதிர்ல குடி.”

குழாய் மேசைக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஒரு எவர்சில்வர் டம்ளரில் நானே பிடித்தேன். தூக்கிக் காட்டினேன். தெளிவாகத்தான் இருந்தது. அப்போது மைக்கில் ஏதோ கீச்சென்று கத்தியது. டம்ளரை மேசை மேல் வைத்துவிட்டு மைக்கைத் திருப்பினேன். மேசை மேல் ஏற்கெனவே ஒரு டம்ளர் இருந்தது, பேச்சாளர் தொண்டை நனைக்க வைத்த கேன் தண்ணீர். இரண்டும் ஒரே கடையில் வாங்கிய டம்ளர்கள். மைக்கை ஒரு கையில் பிடித்தபடி, மறு கையால் கேன் தண்ணீர் டம்ளரை எடுத்தேன். அண்ணாந்து ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தேன். கவிழ்த்துக் காட்டினேன். போட்டோ எடுத்தார்கள்.

கை தானாகப் போனது என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கை தானாகப் போகாது. எந்த டம்ளர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று மைக்கைத் திருப்பும்போதே பார்த்துக்கொண்டேன்.

கூட்டம் அடங்கிவிட்டது. சிலர் முணுமுணுத்தபடி எழுந்தார்கள். தையற்காரம்மா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் முதல்முறையாக விரோதம் இல்லை.

“அப்ப கூட்டியாரவா சார்?”

மைக்கிலேயே சொன்னேன். “தாராளமா கூட்டிட்டு வாங்கம்மா. உங்க பேரப்புள்ள நம்ம தண்ணியக் குடிச்சி வளரட்டும்.”

சிலர் சிரித்தார்கள், நல்லபடியாக. அதுதான் என் பணிக்காலத்தில் நான் சொன்ன சொற்களில் மக்களுக்குப் பிடித்த ஒரே சொல்.

மறுவாரம் பெண் வந்தாள். ஆபரேட்டர் சொன்னார். அந்தம்மா வயக்காட்டு போருக்குப் போவதை நிறுத்திவிட்டார். நான் அந்தத் தெருப்பக்கம் போகவில்லை. குழாயைத் தோண்டிப் பார்க்க வேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். அவசரம் என்ற சொல் அதில் இல்லை. கோப்பு நகர்ந்து ஆள் வருவதற்குள் ஆறு வாரம் போனது. தோண்டியபோது சாக்கடைக் குழாய்க்கு அடியில் எங்கள் குழாயின் மூட்டு விட்டிருந்தது. ஜேசிபியின் பல் பட்ட இடம். ஒரே பகலில் சரிசெய்து, மூடி, மேலே சிமெண்ட் பூசிவிட்டார்கள்.

அதற்குள் தெருவில் ஏழெட்டு வீட்டில் மஞ்சள் காமாலை வந்து போயிருந்தது. மற்றவர்கள் கீழாநெல்லி அரைத்துக் குடித்து, பத்தியம் இருந்து, எழுந்துவிட்டார்கள். கர்ப்பிணிக்கு அந்தக் காமாலை எமன் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை. பெண்ணைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவள் பிழைத்துக்கொண்டாள். வயிற்றிலிருந்த பிள்ளை பிழைக்கவில்லை. ஒன்பதாம் மாதம்.

அந்தம்மா அலுவலகத்துக்கு வந்து என் சட்டையைப் பிடிப்பார் என்று ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன். அவர் வரவில்லை. காரணத்தை ஆபரேட்டர்தான் சொன்னார்.

“அந்தம்மா உங்கள ஒரு வார்த்த சொல்லல சார். சம்பந்தி வூட்ல வந்து கத்துனாங்க, தண்ணிதான் கெட்டதுன்னு யாரோ சொன்னதுக்கு, ‘தண்ணி கெட்டதுன்னா அந்த ஆபீசரு அவ்ளோ பேரு எதிர்ல குடிச்சாரே, அவருக்கு இன்னா ஆச்சி? இவ கையில சுத்தம் இல்ல, இவ வூட்ல சுத்தம் இல்ல, எம் பேரன இவதான் தின்னுட்டா’ன்னு கேக்கறாங்க. அந்தம்மா வாயத் தொறக்கல. அதுவும் அப்படித்தான் நெனைக்குது போல. பொண்ண அன்னிக்கே கூட்டிக்கினு போய்ட்டாங்க. பொண்ணு இனிமே இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது, நீயும் அங்க வரக் கூடாதுன்னுட்டாங்க.”

சொல்லிவிட்டு ஆபரேட்டர் என்னைப் பார்த்தார். மேசை மேல் எந்த டம்ளர் எங்கே இருந்தது என்று அவருக்குத் தெரியும். கேன் தண்ணீரை ஊற்றி வைத்தவரே அவர்தான்.

“நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும் சார்” என்றார்.

“யோசிக்கிறேன்” என்றேன்.

மூன்று மழைக்காலம் யோசித்தேன். ஓய்வு பெறும் நாள் வந்தது. மாலை போட்டார்கள். அந்தத் தெருவில் நான் தண்ணீர் குடிக்கும் படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டுப் பரிசளித்தார்கள். வாங்கிக்கொண்டேன். வீட்டில் பரணில் போட்டேன். என் மனைவி எடுத்துக் கூடத்தில் மாட்டினாள். நான் கழற்ற, அவள் மாட்ட, ஒருநாள் ஏன் என்று கேட்டாள். சொன்னேன். அவள் படத்தைக் கழற்றினாள். அதன் பிறகு பல நாள் என்னோடு பேசவில்லை.

இரண்டு மாதம் கழித்து அந்தத் தெருவுக்குப் போனேன். தையற்காரம்மா மெஷினில் உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. “இன்னா சார், தண்ணி வராதா நாளைக்கி?” என்றார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள் வராதது, போன் செய்தது, இரண்டு டம்ளர். மெஷின் நின்றது. ஊசியிலிருந்து துணியை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

முடித்ததும் கத்தரிக்கோலை எடுத்து என் மேல் வீசினார். படவில்லை. கதவில் பட்டு விழுந்தது.

“ஏன்டா, மூணு வருசமா நானு என் கையப் பாத்துப் பாத்து அழுவறேன்டா. சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவித் தோலு உரிஞ்சிடுச்சி. எந்தப் பாத்திரத்துல ஊத்திக் குடுத்தேன், எதக் கழுவாம உட்டேன்னு தெனம் எண்ணிக்கினு இருக்கேன். நீ பென்ஷன் வாங்கிக்கினு இருந்தியா?”

“மன்னிச்சிடுங்கம்மா.”

“மன்னிப்பாம். எங்கிட்ட சொல்லி இன்னாத்துக்கு ஆவும்? எம் பொண்ணு எங்கிட்ட பேசறதில்ல. அங்க வா. அவ மாமியா எதிர்ல சொல்லு. மைக்குல சொன்னியே, அந்த மாதிரி கத்திச் சொல்லு.”

“ஒரு கடிதமா எழுதித் தர்றேன், நீங்களே…”

“உன் எழுத்து எனக்கு வேணாம். உன் எழுத்தப் பத்தி எனக்குத் தெரியும்.”

அப்படியும் அன்றே போகவில்லை. வீட்டுக்கு வந்து கடிதம்தான் எழுதினேன். எழுதிப் படித்துப் பார்த்தால், ‘எதிர்பாராத சூழலில் நிகழ்ந்த கவனக்குறைவு’ என்று இருந்தது. கிழித்துப் போட்டேன். மறுநாள் காலை அவர் வீட்டு முன் போய் நின்றேன். கதவைப் பூட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

பஸ்ஸில் திண்டிவனம், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. அவர் முன்பக்கம் டிரைவரை ஒட்டி உட்கார்ந்துகொண்டார், என் பக்கத்தில் உட்காரக் கூடாது என்பதற்காக. ஊர் முனையில் இறங்கியதும், “மூணாவது வூடு. நான் உள்ள வர மாட்டேன். வரக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க” என்று சொல்லிவிட்டு ரோட்டோரப் புளியமரத்தடியில் நின்றார்.

வீட்டு வாசலில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலைச் செடியைக் குவித்துப்போட்டுக் காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். மாமனார், மாமியார், சற்றுத் தள்ளி அந்தப் பெண். நான் யாரென்று சொன்னேன். மாமியார் நிமிராமல், “அந்தத் தண்ணி ஆபீசரா? ஒக்காருங்க” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். நான் குடித்ததை நம்பியவர் அல்லவா.

உட்காரவில்லை. சொன்னேன். ஒலிபெருக்கிக் குரல் வரவில்லை, இருக்கிற குரலில் சொன்னேன். அந்தத் தெருத் தண்ணீரில் சாக்கடை கலந்திருந்தது, அது எனக்குத் தெரியும், நான் குடித்தது வேறு தண்ணீர், உங்கள் சம்பந்தி மேல் எந்தத் தப்பும் இல்லை, என்னை நம்பியதைத் தவிர. நான் பேசி முடிக்கும் வரை மூன்று பேரும் காய் ஆய்வதை நிறுத்தவில்லை. செடியை உதறும் சத்தமும், காய் கூடையில் விழும் சத்தமும் கேட்டன.

பெண்தான் முதலில் நிறுத்தினாள்.

“உனக்குத் தெரிஞ்சுதான் என்னக் கூட்டியாரச் சொன்னியா?”

“ஆமாம்மா.”

“எதனா பொய் சொல்லி என்ன இங்கயே வச்சிக்கச் சொல்றேன்னு அம்மா உங்கிட்ட சொல்லிச்சாமே, நெஜமா?”

“சொன்னாங்க.”

அவள் கையில் இருந்த செடியைக் கீழே போட்டாள். மாமியார், “இத்த அன்னிக்கே சொல்றதுக்கு உன் வாயில இன்னாய்யா இருந்துச்சி?” என்று கேட்டு எழுந்தார். கை நிறைய ஈர மண். அறைவார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. காறித் துப்பினார். வேட்டியில் விழுந்தது. “அந்தப் பொம்பளைய நானு இன்னா பேச்சு பேசிட்டேன்… என் நாக்கு அழுவிப் போவ” என்று தலையில் அடித்துக்கொண்டார். அந்த அடிகள் எனக்கு வர வேண்டியவை.

பெண் மண் ஒட்டிய கையோடு ரோட்டுக்கு நடந்தாள். புளியமரத்தடியில் தாய் நகராமல் நின்றார். கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று எதிர்பார்த்தேன். நின்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு தாய், “இன்னாடி இப்படி எளச்சிக் கெடக்கற, வேளைக்குச் சாப்புடறியா இல்லியா?” என்று அதட்டினார். அவள் ஏதோ சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை. இங்கிருந்து மாமியார் கூப்பிட்டார்: “சம்பந்தி, இன்னாத்துக்கு அங்க நின்னுக்கினு? வாங்க உள்ள.” வருவதா வேண்டாமா என்று தாய் நின்றார். மூன்று வருடத்துப் பேச்சு ஒரு கூப்பிடலில் கரைந்துவிடாது. கடைசியில் பெண் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். என்னைக் கடந்துதான் உள்ளே போனார்கள். இருவரும் என்னைப் பார்க்கவில்லை.

மாமனார் மட்டும் குவியல் எதிரில் உட்கார்ந்திருந்தார். தலையைத் தூக்கினார்.

“நீ இன்னும் போவலியா?”

போனேன்.